தட்டுச் சத்தத்துக்கு வந்த நாற்பது பேர்

மார்ச் 3

மச்சானுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் உன் அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதால் கேட்டு வைக்கிறேன். நலமா?

போனில் பேச எனக்கு அனுமதி இல்லை. போன வாரம் நாம் இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் படகுத்துறையில் நின்றவர்கள் எல்லாம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். "இனிமே ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. எழுதுறப்பவாவது யோசிப்பீங்க" என்று சொல்லி, உன் அக்கா போனை எடுத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அறிக்கை தலைமை அலுவலகம் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. இந்த ஆற்று ஆமைக் காப்பகத்தைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். என் மனைவியின் தம்பி ஆமைகளைப் பற்றி எழுதியதை, தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு பக்கம். அதில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வரி. இந்த ஆற்றில் இருக்கிற ஆமைகள் எல்லாம் மூன்றே தாய்களின் பிள்ளைகளாம். கூடவே ஒரு கடிதமும் வந்தது. காப்பகங்களைப் பற்றி முடிவெடுக்கிற குழு ஜூன் 20 அன்று கூடுகிறது. உன் அறிக்கையை ஏற்றுக்கொண்டால், மிச்சமிருக்கிற ஆமைகளைப் பிடித்து நகரத்தில் ஒரு சிமெண்ட் குளத்தில் விட்டுவிட்டு, காப்பகத்தை மூடிவிடுவார்களாம்.

மூன்று தாயா? போன வாரம் துறையில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தபோது, எதிர் மணல்திட்டில் ஒரே காலையில் ஒன்பது தடம் ஏறி இறங்கியிருந்தது. 'மேலதிகாரி'யை உனக்கு நினைவிருக்கும். ஓட்டின் வலது ஓரம் உடைந்தவள். எல்லோரும் முட்டையிட்டுப் போன பிறகு தாமதமாக வந்து சீக்கிரமாகக் கிளம்பிவிடுகிறாள் என்று அந்தப் பெயரை வைத்ததே நீதான். அவளைச் சேர்த்தாயா, விட்டுவிட்டாயா?

உன் ஆய்வுக்கூடத்து இயந்திரம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்ன தெரியும், பாவம். நீ பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

*

மார்ச் 10

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அக்கா பக்கத்தில் இல்லாமலே உங்கள் நலத்தையும் விசாரிக்கிறேன்.

கோபப்படாமல் படியுங்கள். ஒவ்வொரு ஆமையின் உடம்பிலும் மரபணு இருக்கிறது. அதில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பிரதிகள். ஒன்று தாய் கொடுத்தது, இன்னொன்று தந்தை கொடுத்தது. நீங்கள் அனுப்பிய நாற்பது தோல் துண்டுகளிலும் பதினான்கு இடங்களைப் பார்த்தேன். நாற்பது ஆமைகளுக்கு நாற்பது தாய்கள் இருக்க வேண்டாம், இருபது பேராவது இருப்பார்கள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எந்த இடத்தில் பார்த்தாலும் தாய் கொடுத்த பிரதிகள் மூன்று பேருக்கு மேல் தேறவில்லை. மூன்று முறை திருப்பிச் செய்தேன். மூன்றாவது முறை முடிந்ததும் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் பக்கம் போய், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உங்கள் ஆற்றைப் பற்றி இதை எழுத வேண்டியவன் நானாகவா இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இந்த இனம் ஏற்கெனவே அருகிக்கொண்டு வருகிறது. மிஞ்சியவை எல்லாம் கூடப் பிறந்தவை என்றால், அவை தங்களுக்குள்ளேயே சேரும். முட்டை பொரிக்காது. ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும். வேறு ஆறுகளிலிருந்து ஆமைகளைக் கொண்டுவந்து கலந்து வளர்க்கத்தான் அந்தக் குளம். சிமெண்ட் குளம் எனக்கும் பிடிக்காது.

போனில் நீங்கள் "குடும்பத்து ஆளா இருந்துகிட்டு இப்படிப் பண்ணலாமா" என்று கேட்டீர்கள். குடும்பத்துக்காக எண்ணை மாற்றினால் நான் எதற்கு இந்த வேலையில் இருக்க வேண்டும்? அந்த வார்த்தைதான் எனக்கு வலிக்கிறது.

அன்புடன்,
மச்சான்

*

மார்ச் 18

மச்சான்,

எண்ணை மாற்றச் சொல்லவில்லை. ஆற்றைப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் வேறு.

உன் கடிதத்தை உன் அக்கா இரண்டு முறை படித்தாள். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க சொன்னது தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றப் போய்விட்டாள். சரி, அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள். இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

இங்கே முட்டையிடும் காலம் பாதி முடிந்துவிட்டது. வலைக்கூண்டு போட்டு மூடிய கூடுகள் இதுவரை இருபத்தாறு. நரி ஒன்று சுற்றுகிறது. உன் அக்காவும் படகுத்துறைக்காரரும்தான் அவர் படகில் போய்க் கூண்டு போடுகிறார்கள். எனக்கு இங்கே கரையில் வேலை அதிகம்.

ஒன்று கேட்கிறேன். தோல் துண்டுகள் அனுப்பிய பெட்டிக்குள் ஒரு தாளும் வைத்திருந்தேனே, ஒவ்வொரு குப்பிக்கும் எதிரே அந்த ஆமையின் ஓட்டில் இருக்கிற வெட்டு எண்ணை எழுதி? அதைப் பார்த்தாயா? பார்த்திருப்பாய். பார்க்காமல் பன்னிரண்டு பக்கம் எழுதுகிற ஆள் இல்லை நீ.

மழை வரும்போல் இருக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

மாமா

*

மார்ச் 27

மாமா,

பார்க்கவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் பெட்டியைத் தேடினேன். பெட்டி எங்கே போனது என்றே தெரியவில்லை. உறைபெட்டி அறையின் பரணில், பழைய கையுறைகளுக்கு அடியில் கிடந்தது. தாள் பனிக்கட்டிப் பையோடு ஒட்டி, பெட்டியின் அடியிலேயே காய்ந்து போயிருந்தது. ஆவி காட்டிப் பிரித்தெடுத்தேன். எண்கள் தெளிவாகவே இருந்தன. பெட்டி வந்த அன்று குப்பிகளின் மேல் இருந்த எண்களை மட்டும் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மூடியிருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம், பெட்டியைக் கவிழ்த்துப் பார் என்பதுதான். என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை.

ஆனால் மாமா, நாற்பது ஆமைகளுக்கும் வெட்டு எண் இருக்கிறது. அரத்தால் ஓட்டின் ஓரத்தில் வெட்டுப் போடுவது நீங்கள் தொட்டியில் வளர்த்து விட்டவற்றுக்கு மட்டும்தானே? ஆற்றிலேயே வளர்ந்ததற்கு எண் இருக்காது. அதிலும் நாற்பதுக்கும் ஆண்டைக் குறிக்கும் வெட்டு ஒன்றாகவே இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முந்தைய வெட்டு. ஒரு தோல் துண்டைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. எல்லாம் வளர்ந்த ஆமைகள் என்றுதான் நான் நினைத்தேன்.

நான் கேட்டது ஐந்து இடங்களில், இடத்துக்கு எட்டு வளர்ந்த ஆமைகள். கடிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை, தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். இவற்றை எங்கே பிடித்தீர்கள்? எப்படிப் பிடித்தீர்கள்?

மச்சான்

*

ஏப்ரல் 5

மச்சானுக்கு,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் முழங்கால் போய்விட்டது. போன மழைக்காலத்தில் படகிலிருந்து இறங்கும்போது வழுக்கியது. கரையில் நடக்கும்போது வெளியே தெரியாது. மணலில் பத்தடி வைத்தால் மடங்கிக்கொள்கிறது. தண்ணீருக்குள் நின்று வலை போட முடியவில்லை. அலுவலகத்துக்குத் தெரிந்தால் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. தோல் துண்டு கேட்டு உன் கடிதம் வந்தபோது, ஐந்து இடம், இடத்துக்கு எட்டு என்று மனப்பாடமாகத் தெரியும். போக முடியவில்லை.

துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து தகரத் தட்டை அடித்தேன். வந்தார்கள்.

அவர்கள் யார் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாய். ஏழு வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் மணல்திட்டு உச்சியைத் தவிர முழுவதும் மூழ்கிவிட்டது. நானும் உன் அக்காவும் மார்பளவு தண்ணீரில் போய், மிஞ்சிய மூன்றே மூன்று கூடுகளைத் தோண்டி வாளியில் எடுத்து வந்தோம். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, உன் அக்கா தெர்மாமீட்டரும் கையுமாக இரண்டு மாதம் காவல் இருந்தாள். நாற்பத்தாறு பொரித்தது. விடுவதற்குத் திட்டே இல்லை, அதனால் மூன்று வருடம் தொட்டியில் வளர்த்தோம். தட்டை அடித்துத்தான் கீரை போடுவேன். ஆற்றில் விட்ட பிறகும் தட்டுச் சத்தம் கேட்டால் படிக்கட்டுக்கு வந்துவிடுவார்கள். நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தரையும் மடியில் வைத்துத்தான் பின்னங்கால் சவ்வில் துண்டு எடுத்தேன்.

நான் பொய் எழுதவில்லை. வெட்டு எண்ணை எழுதித்தான் வைத்தேன். நீ பார்த்துக் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீ கேட்கவில்லை. கேட்காததால் இதுவே போதும்போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது. மூன்று கூட்டைக் காப்பாற்றினேன், அந்த மூன்று கூட்டை வைத்தே காப்பகத்துக்கு உலை வைத்துவிட்டேன்.

நேற்று உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "ஆறு மாசமா நம்ம படகுல கோழி முட்டை வச்சிகிட்டு இருக்கு. நீங்க எதுல போயி ஆமை பிடிச்சீங்கன்னு நானும் கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

என்ன செய்ய வேண்டுமோ சொல். செய்கிறேன்.

மாமா

*

ஏப்ரல் 13

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. மூன்று தாய் என்று இயந்திரம் சொன்னது சரி. நீங்கள் வாளியில் காப்பாற்றிய மூன்று கூட்டைத்தான் அது பார்த்திருக்கிறது. ஆற்றை அது பார்க்கவே இல்லை.

அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஆள் சூடாகிவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். ஏற்கெனவே குழுவுக்குப் போய்விட்டதாம், வேறு எண் கைவசம் இல்லாமல் வெறுமனே திரும்பப் பெற்றால் அவர்கள் பயத்தில் பழைய அறிக்கையையே ஏற்றுக்கொள்வார்கள் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஜூன் 20க்குள் புது எண் வேண்டும்.

உங்கள் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாதிரி எடுத்த இடத்தில் குழப்பம், வந்த தாளை நான் படிக்கவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அது உண்மையும்கூட. முழங்காலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிடுங்கள் மாமா.

இனி வழி. நீங்கள் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். யாரையும் பிடிக்கவும் வேண்டாம். மே மாதம் குஞ்சு பொரித்து வெளியேறியதும் மணலுக்குள் வெறும் ஓடுகள் கிடக்கும் இல்லையா? முட்டை ஓட்டின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். குஞ்சின் மரபணு அதில் இருக்கிறது. ஒரு கூட்டிலிருந்து ஐந்து ஓடு போதும், தாய் யார் தந்தை யார் என்று பிரித்துவிடலாம். ஓட்டை நிழலில் காயவைத்து, கூட்டுக்கு ஒரு காகித உறை. பிளாஸ்டிக் வேண்டாம், பூசணம் பிடிக்கும்.

அக்காவிடம் சொல்லுங்கள். கோழியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மச்சான்

*

மே 30

மச்சானுக்கு,

பெட்டி இன்று கிளம்புகிறது. முப்பத்தெட்டு உறை, உறைக்கு ஐந்து ஓடு. தாள் இந்த முறை பெட்டியின் மூடியில், உள்பக்கமாக, நான்கு மூலையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் உன் மூக்குக்கு நேராகத் தொங்கும். உன் அக்காவின் யோசனை.

எல்லாம் அவள் வேலை. விடிந்ததும் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நான் துறையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பேன். அவள் குனிவதும், மணலைத் தோண்டுவதும், உறையில் எழுதுவதும் தெரியும். முதல் நாள் நான் இங்கிருந்து கத்திக் கத்தி வழி சொன்னேன். இரண்டாம் நாள் அவள் படகை இன்னும் தள்ளிக் கொண்டுபோய்க் கட்டினாள். பத்தொன்பது வருடம் நான் செய்ததைவிட அவள் சுத்தமாகச் செய்கிறாள். இதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, பிறகு வீட்டில் இருக்க முடியாது.

மேலதிகாரி முட்டையிட்டது ஏழாம் கூடு (எண் திட்டில் இருக்கிற இடத்தின் வரிசைப்படி). வழக்கம்போல் கடைசியில் வந்தவள். உறையில் உன் அக்கா 'தாமதம்' என்று எழுதியிருக்கிறாள்.

முழங்காலைப் பற்றி அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். தபாலில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். முழங்காலுக்காக இல்லை.

மூன்று என்றே மறுபடியும் வந்தால் என்ன செய்வாய் என்று உன்னைக் கேட்க நினைத்தேன். கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வந்தால் அப்படியே எழுது. நீ மாற்றி எழுத வேண்டாம்.

மாமா

*

ஜூன் 21

மாமா,

தந்தி கொடுக்கிற காலமாக இருந்தால் கொடுத்திருப்பேன். போன் இன்னும் அரிசி டப்பாவில்தான் இருக்கிறதாமே, அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முப்பத்தொன்று. குறைந்தது முப்பத்தொரு தாய்கள். முப்பத்தெட்டுக் கூடுகளில் சிலர் இரண்டு முறை முட்டையிட்டிருக்கிறார்கள். முன்பு எந்த இடத்தில் பார்த்தாலும் ஐந்தாறு வகைப் பிரதிகளுக்கு மேல் இல்லை. இப்போது பதினொன்று, பன்னிரண்டு என்று வருகிறது. முதல் நாள் திரையில் அந்த எண்களைப் பார்த்ததும் நான் உட்கார்ந்த நாற்காலியிலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். பக்கத்து மேஜைக்காரர் காபியைக் கொட்டிவிட்டார்.

ஏழாம் கூட்டைத் திறந்தபோது எனக்குப் பழைய முகம் ஒன்று தெரிந்தது. உங்கள் நாற்பது பேரில் பதினாறு பேருக்குத் தாய் மேலதிகாரிதான். வெள்ளத்தில் நீங்கள் வாளியில் எடுத்த மூன்று கூட்டில் ஒன்று அவளுடையது. இன்னொரு தாயும் கிடைத்துவிட்டாள், இருபத்தொன்பதாம் கூடு. மூன்றாமவள் இந்த வருடம் வரவில்லை. பன்னிரண்டாம் கூட்டில் ஒரே தாய், இரண்டு தந்தைகள். ஆமைகளிடம் இது சகஜம். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குக் கூச்சம்.

நேற்று குழுவில் நான் எழுந்து நின்று, என் பழைய அறிக்கை தவறு, தவறு எங்கே நடந்தது என்றால் பெட்டியில் வந்த தாளை நான் படிக்காததில் என்று சொன்னேன். ஓர் உறுப்பினர், "நீங்க எழுதினதை நீங்களே அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "நான் எழுதின தப்பை நான்தாங்க அடிக்கணும்" என்றேன். பிறகு புது எண்களைக் காட்டினேன். ஆபத்து போய்விடவில்லை, முப்பத்தொன்று பெரிய எண் இல்லை, ஆனால் இந்த ஆறு தன்னைத்தானே பார்த்துக்கொள்ள அது போதும், பிடுங்கிக்கொண்டு போக வேண்டாம் என்று முடித்தேன்.

குளம் இல்லை. ஆமைகள் ஆற்றிலேயே இருக்கும். காப்பகம் இருக்கும். உங்கள் கடிதத்தையும் படித்தார்கள். ஓய்வு கொடுக்கவில்லை மாமா, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஓடு சேகரித்த பெண்மணி யார் என்று இயக்குநர் கேட்டார். உறைகளை அவர் எல்லோருக்கும் காட்டினார். அக்காவுக்கு உதவிக் காப்பாளர் பணி உத்தரவு தனியாக வருகிறது.

இனி ஒரே ஒரு கஷ்டமான வேலை. அந்த நாற்பது பேரும் ஒரே படிக்கட்டில் சேர்ந்திருக்கக் கூடாது. இன்னும் சில வருடத்தில் பருவத்துக்கு வந்துவிடுவார்கள். கூடப் பிறந்தவர்களே ஒருவரோடு ஒருவர் சேர்ந்தால், நான் முதலில் பயந்தது உண்மையாகிவிடும். கடைசியாக ஒரு முறை தட்டை அடித்துக் கூப்பிடுங்கள். பிடித்து, ஒரே தாயின் பிள்ளைகள் ஓரிடத்தில் குவியாதபடி பிரித்து, ஐந்து இடங்களில் தள்ளித் தள்ளி விட வேண்டும். பட்டியல் வைத்திருக்கிறேன். அதன்பின் ஒரு மாதம் தினமும் காலையில் தட்டை அடியுங்கள். கீரை போட வேண்டாம். எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று எழுதுங்கள்.

உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

மச்சான்

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். இந்த முறை யாரும் பக்கத்தில் நிற்கவில்லை, நானாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று உன் அக்கா அதை வாசலில் நின்றே சத்தமாகப் படித்தாள். முப்பத்தொன்று என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். நான் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில் ஆமைக்காக அழுதேன் என்று நீ எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள், எனக்கு வெட்கமில்லை. பிறகு இருவரும் போனை வெளியே எடுத்தோம். அது செத்துப் போயிருந்தது, வேறு வாங்க வேண்டும்.

நாற்பது பேரையும் கடைசியாகக் கூப்பிட்டேன். தட்டை இரண்டு முறைதான் அடித்தேன், வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கொத்துக் கீரை கொடுத்துவிட்டுத்தான் கூடையில் போட்டேன். உன் பட்டியலில் கீரை இல்லைதான். உன் அக்கா துடுப்புப் போட, ஐந்து இடத்திலும் எட்டெட்டுப் பேராக இறக்கினோம். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரில் விட்டதும் அவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் படகையே பார்த்தார்கள். உன் அக்கா வேகமாகப் படகைத் திருப்பிவிட்டாள்.

கணக்கு இதோ. முதல் நாள் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். எவ்வளவு தூரம் நீந்தியிருப்பார்கள் என்று நினைத்தபோது கை கீரைக்கட்டுக்குப் போனது. போடவில்லை. ஏழு பேரும் வெகுநேரம் தலையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மறுநாள் ஐந்து. பத்தாம் நாள் இரண்டு. இருபதாம் நாள் ஒருத்தி மட்டும், நெற்றியில் மஞ்சள் புள்ளி உள்ளவள், வெட்டு எண் முப்பத்து மூன்று. இவள்தான் குஞ்சாக இருந்தபோது என் விரலை விடவே மாட்டாள். அவளுக்குக் கீரை போட்டுவிடக் கூடாதே என்று நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். இருபத்தாறாம் நாள்வரை அவள் வந்தாள்.

அதன்பின் யாரும் வரவில்லை. நேற்று முப்பதாம் நாள். தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து வழக்கத்தைவிடப் பலமாகவே அடித்தேன். கை வலிக்கும்வரை அடித்தேன் என்றுகூடச் சொல்லலாம். தண்ணீர் அசையவில்லை. நோட்டில் பூஜ்யம் என்று எழுதினேன். எழுதிவிட்டு, எனக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். துக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை மச்சான். பிள்ளைகள் எல்லோரையும் ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவோமே, அப்படி இருந்தது.

அறுவைச் சிகிச்சை வருகிற பன்னிரண்டாம் தேதி. அடுத்த முட்டைக் காலத்துக்குள் மணலில் நடந்துவிடலாம் என்கிறார் மருத்துவர். நீயும் அப்போது வா. மேலதிகாரி வருகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போ.

உள்ளே வந்ததும் உன் அக்கா கேட்டாள்.

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலை."

அவள் என் கையிலிருந்த தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடமே நீட்டினாள்.

"நல்லது. அப்ப இதைக் கழுவிக் குடுங்க. கோழிக்குத் தண்ணி வைக்க எனக்கு ஒண்ணு வேணும்."

இப்படிக்கு,
உன் மாமா